கடைசி ஆளோடு நடப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் ஒரு நாள் குழு நடைக்கு முழுமையான வழிகாட்டி

இராயக்கோட்டை மலைக்கு ஒரு ஜனவரிக் காலையில் பதினான்கு பேர் ஏறினோம். உச்சியில் சுனை ஓரமாக உட்கார்ந்து கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் நண்பரின் மகள், "மாமா எங்கே?" என்று கேட்டாள். எண்ணினோம். பதின்மூன்று பேர்தான் இருந்தோம். இறங்கிப் போய்ப் பார்த்தால், பாதி வழியில் இடிந்த மதில் நிழலில் ஒரு காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தார் மாமா. பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில். "நின்று போகலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் எல்லோரும் வளைவில் மறைந்துவிட்டீர்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நாற்பது நிமிடம் அவர் தனியாக இருந்திருக்கிறார். அந்தக் குழுவை அழைத்துப்போனவன் நான்.

அது ஊரை ஒட்டிய குன்று என்பதால் தப்பித்தோம். அஞ்செட்டிப் பக்கம் யானை நடமாடும் காடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அன்று முதல் எங்கள் குழுவின் எல்லா ஏற்பாடுகளும் ஒரே விதியிலிருந்து தொடங்குகின்றன: கடைசியில் வருபவர் எவ்வளவு நடப்பாரோ அவ்வளவுதான் அன்றைய நடை. தடம், நேரம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அவரைக் கணக்கில் வைத்தே முடிவாகும். கீழே சொல்லியிருப்பவை அந்த விதியின்படி பல நடைகளில் நாங்கள் கற்றவை.

எந்த மலை?

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் கடல் கிடையாது. காவிரி இருக்கிறது. மேலகிரி மலைத்தொடர் தெற்கே இறங்கி இறங்கிக் காவிரியில் கால் நனைக்கிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் வரத்தை அளக்கிறது. அங்கிருந்து ஆறு ஒகேனக்கல் பாறைகளுக்குள் புகுகிறது. கரையெங்கும் நீர்மருது மரங்கள், அவற்றில் சாம்பல் நிற மலை அணில்கள், தண்ணீரில் நீர்நாய்கள், முதலைகள். மலையும் காடும் நீரும் ஒரே கண்பார்வைக்குள் சேரும் இடம் இது. ஆனால் முதல் நடைக்கு ஏற்ற இடம் இதுவல்ல.

புதிய குழுவை மூன்று படிகளாக ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து. முதலில் கோட்டைக் குன்று. இராயக்கோட்டை மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அந்நாளில் பாராமகால் எனப்பட்ட இந்த வட்டாரம் கம்பெனியின் கைக்குப் போனது. அடிவாரம் ஊரிலேயே இருக்கிறது, ரயில் நிலையமும் உண்டு. அரை நாளில் ஏறி இறங்கிவிடலாம். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருக்கு முழங்கால் வலிக்கிறது, யார் தண்ணீரைப் பாதியிலேயே தீர்த்துவிடுகிறார் என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். கிருஷ்ணகிரி நகரை ஒட்டிய சையத் பாஷா மலையும் இந்த வகைதான்.

இரண்டாவது, அரூர் அருகே உள்ள தீர்த்தமலை. அருணகிரிநாதர் பாடிய தலம். ஏறுவதற்குப் படிகள் உண்டு, பக்தர்கள் நடமாட்டமும் உண்டு, பாறை உச்சியிலிருந்து ராமர் தீர்த்தம் சொட்டிக்கொண்டிருக்கும். வயதானவர்கள் இருக்கும் குழுவுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இங்கே நடை ஒரு பாதி, வழிபாடு மறுபாதி. அவசரப்படுத்த யாருக்கும் மனம் வராது. தர்மபுரிக்கு அருகே காபியும் மிளகும் விளையும் வத்தல்மலையையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். அங்கே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. அவர்களுடைய கொல்லைக்குள் கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

இவை இரண்டையும் முடித்த குழுதான் மூன்றாவதான மேலகிரிக் காட்டுக்குப் போகலாம்.

அனுமதி: இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு காடுகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். "நாங்கள் சும்மா நடக்கத்தான் வந்தோம்" என்ற பதில் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

இப்போது வழி எளிதாகிவிட்டது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 தடங்கள் அறிவிக்கப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இரண்டு: அய்யூர் – சாமை ஏரி, குத்திராயன் சிகரம். இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். தடங்கள் எளிது, மிதமானது, கடினம் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. முதல் காட்டு நடைக்கு அய்யூர் தடத்தை எடுங்கள். குத்திராயனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்னொரு ஆண்டு இருக்கிறது.

பதிவு செய்யும் பக்கத்தில் வயது, உடல்நிலைச் சான்று, பணம் திரும்பப் பெறுதல் ஆகியவை பற்றிய விதிகளை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பது நல்லது. பிறகு, "எனக்குச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. ஒகேனக்கல் முதல் அஞ்செட்டி வரையிலான காடுகளில் பெரும்பகுதி இன்று சரணாலயம். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. யாரோ ஒருவர் ஊரில் பழக்கமானவர் என்பதற்காக அவர் காட்டும் ஒற்றையடிப் பாதையில் உள்ளே போவது அவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும்.

எந்த மாதம்?

பிப்ரவரி பாதிக்கு மேல் இலை உதிர்ந்து, காடு முழுக்கச் சருகாகிவிடும். ஒரு பீடித்துண்டு போதும். தீக்காலத்தில் வனத்துறையே தடங்களை மூடிவிடுகிறது. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது. மே மாத வெயிலில் மொட்டைப் பாறைக் குன்றில் ஏறுவது உடம்பைப் பழிவாங்குவதற்குச் சமம். செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை. ஓடை காய்ந்து கிடப்பதாக நினைத்து இறங்குவீர்கள். மேலே எங்கோ பெய்த மழை திரும்பும்போது இடுப்பளவுக்கு வந்து நிற்கும்.

மிச்சம் இருப்பது நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலையில் பல் கிட்டிக்கும், பத்து மணிக்கு மேல் இதமான வெயில். இதுவே என் பருவம். ஆனால் அதே பருவத்தில்தான் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காடுகளுக்கு வருகின்றன. கேழ்வரகு கதிர் முற்றி அறுவடையாகும் நேரம் அது. நமக்கு நல்ல காலம் என்பது அவற்றுக்கும் நல்ல காலம். அதனால்தான் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள் என்று இவ்வளவு சொல்கிறேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே உள்ளூர்ச் செய்திகளில் யானை நடமாட்டத்தைக் கவனியுங்கள். வனத்துறை அன்று வேண்டாம் என்று சொன்னால், வேன் வாடகை போனாலும் பரவாயில்லை, வேறு நாள் போங்கள்.

ஆட்கள்

பத்து அல்லது பன்னிரண்டு பேர். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு பேர் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடந்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே முப்பது, நாற்பது மீட்டர் வந்துவிடும். முள்காட்டில் அந்தத் தூரத்துக்கே ஆள் தெரியாது.

இரண்டு வாரம் முன்பு எல்லோரும் ஒரு முறை நேரில் கூடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயச் சிகிச்சை, தேனீக் கொட்டு ஒவ்வாமை இருப்பவர்கள் தலைவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். "மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேளுங்கள், "நோய் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். முதல் கேள்விக்கு உண்மையான பதில் வரும்.

பிறகு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழிகாட்டிக்குப் பின்னால் நடக்கும் முன் ஆள், எல்லோருக்கும் பின்னால் நடக்கும் கடைக்காவல். குழுவிலேயே நல்ல கால்பலமும் பொறுமையும் உள்ளவரைக் கடைக்காவலாகப் போடுங்கள். பல குழுக்கள் அவரை முன்னால் விட்டுவிடுகின்றன. அவருக்கு ஆசையாக இருக்கும், வேகம் கூடும், பின்னால் வருபவர்களின் மூச்சு திணறும். நாங்களும் அன்று அந்தப் பிழையைத்தான் செய்தோம். கடைக்காவலைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கப் பாதையிலிருந்து விலகுபவர் அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மெதுவாக நடப்பவர் என்று தெரிந்தவரை வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் விடுங்கள். அவர் கால் எடுத்து வைக்கும் வேகமே குழுவின் வேகமாகிவிடும். அவருக்கும் தான் பின்தங்குகிறோம் என்ற கூச்சம் இருக்காது. மாமாவை அடுத்த நடையில் அப்படித்தான் முன்னால் விட்டோம். வழியெல்லாம் வெக்காலி மரம் எது, உசில் எது என்று காட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பெயர்கள், ரத்த வகை, வண்டி எண், தடத்தின் பெயர், அந்தப் பகுதி வனச்சரக அலுவலக எண், "மாலை 7 மணிக்குள் எங்களிடமிருந்து அழைப்பு வரவில்லையென்றால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்" என்ற வரி. மேலகிரியின் பள்ளங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அந்தத் தாள்தான் அங்கே உங்கள் குரல்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். குளிர்நாட்டில், நடந்து பழகியவர்களுக்கான கணக்கு அது. நம் ஊர் வெயிலுக்கும் கலவையான குழுவுக்கும் நான் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைக்கிறேன். உயரத்துக்கான கூடுதலை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

8 கிலோமீட்டர் நடை, 400 மீட்டர் ஏற்றம் என்று எடுத்துக்கொள்வோம். நடைக்கு 2 மணி 40 நிமிடம், ஏற்றத்துக்கு 40 நிமிடம், ஆக 3 மணி 20 நிமிடம். சாப்பாடு, ஓய்வு, வேடிக்கை பார்ப்பதற்கு ஒன்றரை மணி நேரம் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் நண்பகல் 12-க்கு முடியும். டிசம்பரில் மாலை 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் ஆறு மணி நேரம் கையிருப்பு. ஒருவர் கால் பிசகினால் இந்தக் கையிருப்பு எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பும் நேரத்தை முந்தைய நாளே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது 11 மணி. அந்த நேரத்தில் எங்கே நிற்கிறோமோ அதுவே அன்றைய உச்சி. இன்னும் பத்து நிமிடத்தில் ஏரி வந்துவிடும் என்றாலும் திரும்பிவிடுவோம்.

பை, தண்ணீர், காலணி

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். வழியில் சுனை, ஏரி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அந்த நீர் காட்டு விலங்குகளுக்கானது. மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ எடை. அதனால் மற்ற சுமையைக் குறைக்க வேண்டியிருக்கும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. ஒரு பொட்டலத்தை உறையில் சொல்லியிருக்கும் அளவு நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் குடிப்பது கெடுதல்.

சாப்பாட்டுக்குப் புளிசாதத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. மதியம் வரை கெடாது, கையில் ஒட்டாது, புளி நம் மாவட்டத்துப் புளி. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். வாழைப்பழம், பலா, மாம்பழம் போன்ற மணக்கும் பழங்களை யானைக்காட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். வேர்க்கடலை, பேரீச்சை, வெள்ளரிக்காய் போதும். பிளாஸ்டிக் பை, தட்டு, குவளை எதுவும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சாப்பிட்ட இலையைக்கூடப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருவோம். மக்கிவிடும்தான். ஆனால் அதில் ஒட்டிய உப்பும் எண்ணெயும் குரங்கையும் பன்றியையும் பாதையோரத்துக்குப் பழக்கிவிடும்.

புதுக்காலணி அன்றைக்கென்று வாங்கி வருபவர் எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருப்பார். பத்து நாளாவது அணிந்து பழகியதாக இருக்க வேண்டும். முந்தைய நாள் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் நகம் காலணியின் முனையில் இடித்து ரத்தம் கட்டும். குதிகாலில் எரிச்சல் தெரிந்தவுடன் நின்று, கொப்புளம் வருவதற்கு முன்பே காகித ஒட்டுநாடா ஒட்டிவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று நடப்பவர்தான் மதியத்துக்கு மேல் கடைசி ஆளாகிறார்.

உடை முழுக்கை, முழுக்கால், மங்கிய நிறம். உண்ணிச்செடிப் புதர் கிழிக்கும், உண்ணியும் ஏறும். வாசனைத் திரவியம், மணக்கும் தலையெண்ணெய் வேண்டாம். ஆளுக்கு ஒரு விசில், சிறு டார்ச், தொப்பி. குழுவுக்குப் பொதுவாக முதலுதவிப் பை, பவர் பேங்க், முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்த வரைபடம்.

நடக்கும் நாள்

ஓசூரிலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ அதிகாலையில் கிளம்பினாலும், இருட்டில் காட்டுச்சாலைக்குள் வண்டியை விடாதீர்கள். வெளிச்சம் வந்த பிறகு நுழையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம். அள்ளி, தொட்டி, பெட்ட, துர்கம் என்று தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த பெயர்கள். கன்னடத்தில் பெட்ட என்றால் மலை. பெட்டமுகிலாளம் மேலே முகிலுக்குள் இருக்கிறது. இந்த ஊர்களின் பெரியவர்களிடம் மூன்று மொழியிலும் வணக்கம் கிடைக்கும்.

தொடங்குமிடத்தில் வழிகாட்டி சொல்வதை எல்லோரும் நின்று கேளுங்கள். படம் எடுப்பது பிறகு. உள்ளே போனபின் அவர் சொல்வதுதான் முடிவு, குழுத்தலைவருக்கும் அப்படியே. பிறகு எண்ணுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். முன்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று அவரவர் குரலில் சொல்லிக் கடைக்காவலிடம் முடிய வேண்டும். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், ஓடையைக் கடந்த பிறகும், பாதை பிரியும் இடத்திலும் மறுபடி எண்ணுங்கள். பத்து விநாடி வேலை.

முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால் வேகம் சரி. அரை மணிக்கு ஒரு முறை நின்று தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். முன்னால் போனவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவுடன் எல்லோரும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த நொடியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

இறக்கத்தில் முழங்காலைச் சற்று மடக்கி, சிறு எட்டுகளாக வையுங்கள். தவறி விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். வழுக்கும் சரளையில் ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்கள். மேலிருப்பவர் உருட்டும் கல் கீழிருப்பவரின் தலைக்கு வரும்.

யானை

அய்யூர்ப் பக்கம் ஒரு திருப்பத்தில், எங்கள் வழிகாட்டிப் பையன் கையை உயர்த்தினான். எல்லோரும் நின்றோம். பாதையின் நடுவே லத்தி, அதாவது யானைச் சாணம், ஒரு கூடை அளவு. குனிந்து புறங்கையை அதன் மேல் வைத்தான். உடைத்துப் பார்த்தான், உள்ளே மூங்கில் நார், ஈரம் பளபளத்தது, ஈக்கள் மொய்க்க ஆரம்பித்திருந்தன. பக்கத்தில் ஒடிந்த கிளையின் முறிவில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "சூடு ஆறவில்லை, அண்ணா. அரை மணிகூட ஆகியிருக்காது. இன்று இந்த வழி வேண்டாம்" என்றான். மேல் மண்ணைச் சிட்டிகை எடுத்துக் காற்றில் விட்டான். அது எங்கள் பக்கமிருந்து பள்ளத்தை நோக்கிப் பறந்தது. அங்கே யானை இருந்தால் எங்கள் வாடை அதற்குப் போய்விடும். அவ்வளவுதான், ஒரு சொல் பேசாமல் திரும்பினோம். யானையை நாங்கள் பார்க்கவில்லை. அது எங்களைப் பார்த்திருக்கலாம்.

பழைய லத்தி காய்ந்து, உதிர்ந்து, சில நேரம் காளான் முளைத்திருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். புதியது என்றால் வழிகாட்டி சொல்வதற்கு மறுபேச்சு கிடையாது. யானை கண்ணில் பட்டுவிட்டால் கத்தக் கூடாது, விசில் ஊதக் கூடாது, ஒளிரும் விளக்கோடு படம் எடுக்கக் கூடாது. அதன் பக்கம் முகத்தை வைத்தபடி, கூட்டமாகவே, மெல்லப் பின்வாங்குங்கள். நூறு மீட்டருக்குள் நெருங்க எந்தக் காரணமும் இல்லை. தனித்து நிற்கும் ஆண் யானையும், குட்டியுடன் இருக்கும் பெண் யானையும் கூடுதல் ஆபத்து. குழந்தைகள் நம் நடுவில் இருக்க வேண்டும். இங்கேயும் கடைக்காவலின் வேலை பெரியது: பின்வாங்கும்போது கடைசி ஆள் முதல் ஆளாகிவிடுகிறார். பாதையை அவர்தான் பிடித்துக்கொடுக்க வேண்டும்.

ஏதாவது நேர்ந்தால்

பாம்புக்கடி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் நம் பகுதியில் உண்டு. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கிய கட்டால் காலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றி, கை அல்லது காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் கம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரம் செலவிட வேண்டாம். இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பதில் பெரும்பங்கு, 1978-இல் மாமல்லபுரம் அருகே தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. சிக்னல் வந்த இடத்தில் 108. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அருகில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள்.

மலைத்தேனீ. கோட்டைச் சுவர்களிலும் செங்குத்துப் பாறைகளிலும் அடை தொங்கும். அதன் கீழே புகைக்காதீர்கள், கல்லெறியாதீர்கள், சத்தம் போடாதீர்கள். கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு ஓடுங்கள். ஓடுவது சரி என்று நான் சொல்லும் ஒரே இடம் இது. நிறையக் கொட்டு வாங்கியவரை, மூச்சு இழுப்பு இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

வெயில். தலைவலி, வாந்தி உணர்வு, தள்ளாட்டம் என்றால் நிழல், கரைசல், ஈரத்துணி. பேச்சு குழறி, நினைவு தடுமாறி, உடம்பு கொதித்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. கையில் இருக்கும் எல்லாத் தண்ணீரையும் அவர் மேல் ஊற்றி விசிறுங்கள், நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கணுக்கால் பிசகினால் காலணியோடு சேர்த்துக் கட்டி, இரண்டு கம்புகளை ஊன்றி மெல்ல இறக்கலாம்.

இதில் எது நேர்ந்தாலும் குழு பிரியக் கூடாது. உதவிக்கு ஆள் அனுப்பத்தான் வேண்டும் என்றால் வழிகாட்டி சொல்லும் இரண்டு பேர் போகலாம். அடிபட்டவருடன் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும்.

ஆற்றங்கரைக்கு ஒரு வார்த்தை. ஒகேனக்கல் போனால் அனுமதித்த இடம் தவிர வேறு எங்கும் நீரில் இறங்காதீர்கள். மேல்பரப்பு அமைதியாக இருக்கும். பாறைக்கு அடியில் இழுக்கும். வியர்த்துக் களைத்த உடம்போடு இறங்குபவரை அது முதலில் எடுத்துக்கொள்ளும்.

இறங்கிய பிறகு

வண்டியில் ஏறுமுன் கடைசி முறையாக எண்ணுங்கள். தாள் வைத்திருப்பவருக்கு அழைப்பு. பொழுது சாயுமுன் காட்டுச்சாலையைத் தாண்டிவிடுங்கள். அந்தி நேரத்தில் யானைகள் சாலையைக் கடக்கும். தேன்கனிக்கோட்டைக்கு வந்தால் ஏதாவது ஒரு சிறு கடையில் சூடான கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கிடைக்கும். எட்டு கிலோமீட்டர் நடந்த வயிற்றுக்கு அந்த உருண்டை இறங்கும் சுகத்தை வேறு எந்த உணவிலும் நான் அனுபவித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் துணிகளை வெந்நீரில் போட்டுவிட்டு, உடம்பை முழுக்கப் பாருங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில்தான் உண்ணி ஒட்டும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் வேண்டாம். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "காட்டுக்குப் போய் வந்தேன்" என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்கரப் டைஃபஸ் புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சிகளால் வருவது. கடித்த இடத்தில் கருத்த பொருக்கு இருக்கலாம். சீக்கிரம் தெரிந்தால் சாதாரண மாத்திரையில் குணமாகும்.

மறுநாள் மாலை, கடைசியாக நடந்தவரைத் தொலைபேசியில் அழையுங்கள். முழங்கால் எப்படி, படி இறங்க முடிகிறதா, எந்த இடத்தில் மிகவும் கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். மாமா இரண்டாவது நடைக்குப் பிறகு சொன்னார்: "ஏற்றம் ஒன்றுமில்லை தம்பி. அந்த வறண்ட ஓடையில் உருளைக்கல் மேல் நடந்ததுதான் உயிர் போனது." அடுத்த தடத்தை ஓடை இல்லாத பக்கமாகத் தேர்ந்தெடுத்தோம். இந்த டிசம்பரில் மூன்றாவது நடை. அவருடைய பெயர்தான் பட்டியலில் முதலில் இருக்கிறது.